கலிங்கத்தின் இரு போர்களும் ஒரு படக்கதையும்

பண்பொழியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு நூலை எங்களிடம் தந்தார். அசோகரின் வாழ்வைச் சொல்லும் படக்கதை நூல் அது. எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இதைக் கொடுக்கலாமா, கூடாதா என்பது அவர் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திருமலைக் குமரன் கோயில் அடிவாரத்தில் கூடிப் பேசும் வழக்கமுடைய நாங்கள் நால்வர் அதைக் கைமாற்றிப் படித்தோம்.

நூலின் முற்பகுதி முழுவதும் கொடூரம். சிறைக்கூடம், கொதிக்கும் கொப்பரை, கொலைஞனின் சிரிப்பு. பிற்பகுதி முழுவதும் அமைதி. இரண்டுக்கும் நடுவே ஒரே பக்கத்தில் கலிங்கப் போர். "பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்" என்றார் ஒருவர். "சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் படித்துத்தானே நாம் வளர்ந்தோம், பயந்தா போனோம்?" என்றார் மற்றவர். பேச்சு இரத்தத்தின் அளவைப் பற்றியதாகவே சுற்றிச் சுற்றி வந்தது.

படக்கதை வகுப்பறைக்கு உகந்ததா என்ற கேள்வி புதிதன்று. 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை, வரலாற்றையும் புராணத்தையும் முப்பத்திரண்டு பக்கங்களில் சிறுவர் கைக்குக் கொண்டு வந்தது. பள்ளிக் கல்வியில் சித்திரக் கதையின் பங்கு குறித்து 1978இல் தில்லியில் கருத்தரங்கே நடந்தது. படம் மனத்தில் நிற்கும் என்பதில் அன்றும் இன்றும் ஐயமில்லை. எந்தப் படம் நிற்கிறது என்பதே கேட்கவேண்டியது.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். சிறைக்கூடமும் கொலைஞனும் 'அசோகாவதானம்' என்னும் வடமொழிப் பௌத்த நூலில் வருபவை. அந்நூல் அசோகருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. தொண்ணூற்றொன்பது உடன்பிறந்தாரைக் கொன்று அரியணை ஏறினார் என்பது இலங்கையின் மகாவம்சம் சொல்லும் கதை. தருமத்தின் பெருமையை உயர்த்திக் காட்ட, அதை ஏற்பதற்கு முன்பிருந்த அரசனைக் கறுப்பாகத் தீட்டுவது சமய நூல்களின் உத்தி. அசோகரின் ஐந்தாம் பாறைக் கல்வெட்டோ தம் சகோதர சகோதரியரின் இல்லங்களைக் கவனிக்கும் அதிகாரிகளைப் பற்றிப் பேசுகிறது. உடன்பிறந்தார் அனைவரையும் கொன்றவர் அவ்வாறு எழுதியிருப்பாரா?

ஆக, படக்கதையில் மிக விரிவாகத் தீட்டப்பட்ட கொடுமைக்குச் சான்று மிகக் குறைவு. சான்று வலுவாக உள்ள கொடுமை ஒன்றுண்டு. முடிசூடிய எட்டாம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 261இல், கலிங்கத்தை வென்றபோது ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர், ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதைப் போலப் பன்மடங்கினர் மாண்டனர் என்று பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அரசரே சொல்கிறார். வென்றவன் தன் வெற்றிக்கு வருந்திக் கல்லில் எழுதிவைத்தது உலக வரலாற்றில் அரிது. அதே கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் தாமிரபரணி என்னும் பெயரில் இலங்கையும் இடம்பெறுகின்றனர். தென்கோடியில், அதே பெயருடைய ஆற்றின் நாட்டில் வாழும் நம் மாணவர்க்கும் அந்தக் கல் அயலானதன்று.

எனினும் கல்வெட்டுகளைத் தொடர்ந்து படிக்கும்போது 'மனம் மாறிய மன்னர்' என்ற சித்திரம் அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. வென்ற கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. வருத்தம் தெரிவிக்கும் அதே பதின்மூன்றாம் கல்வெட்டு, வனத்தில் வாழும் மக்களை நோக்கித் தம் தண்டிக்கும் ஆற்றலை நினைவூட்டி எச்சரிக்கிறது. முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் பொறித்த நான்காம் தூண் கல்வெட்டு, மரண தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் அவகாசம் தருகிறது. தண்டனையை நீக்கவில்லை. கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் பதின்மூன்றாம் கல்வெட்டு பொறிக்கப்படவேயில்லை. அதன் இடத்தில், மக்களைக் காரணமின்றிச் சிறையிடாதீர், வதைக்காதீர் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தும் தனிக் கல்வெட்டுகள் உள்ளன. தோற்றவர் கண்முன் தோல்விக் கணக்கை எழுத அரசு விரும்பவில்லை என்று ஆய்வாளர் கருதுவர். வருத்தம் மற்றெல்லார்க்கும் சொல்லப்பட்டது. வருந்தத் தக்கவர்க்குச் சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் தமிழாசிரியராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கலிங்கத்தில் இன்னொரு போரும் நடந்தது. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் நடத்திய அந்தப் போரைச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். திறை செலுத்தாமையே போருக்குக் காரணம். களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைப்பதை எத்தனை ஆண்டுகள் வகுப்பில் சுவைபடச் சொல்லியிருக்கிறோம்! சந்தத்தில் மயங்கி மாணவரும் சிரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை. படத்தில் நம்மைத் துணுக்குறச் செய்யும் இரத்தம் பாட்டில் இனித்தது ஏன்? தோற்ற நாட்டின் பெயராலேயே பரணிக்குப் பெயரிடுவது மரபு. நூலின் பெயரில் தோற்றவர் இருக்கிறார். நூலுக்குள் அவர் பேய்க்கு உணவாகிறார். தோற்றவர் பக்கம் நின்று கேட்கவேண்டுமாயின் புறநானூற்றுப் பாரிமகளிரிடம்தான் நாம் போகவேண்டும். தந்தையையும் குன்றையும் இழந்த பெண்களின் அந்தச் சிறு பாட்டு, மூவேந்தர் முற்றுகையை நமக்கு வேறு விதமாகக் காட்டிவிடுகிறது.

2013 மார்ச்சில் மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபோலிஸ்' படக்கதையைச் சிகாகோ அரசுப் பள்ளிகள் ஏழாம் வகுப்பிலிருந்து விலக்கின. சித்திரவதையைக் காட்டும் படங்களே காரணமாகச் சொல்லப்பட்டன. அந்தப் படங்கள் வதைபட்டவர் பக்கம் நின்று வரையப்பட்டவை. நாங்கள் கண்ட அசோகர் நூலிலோ கொலைஞனுக்கு முகம் உண்டு, கொப்பரையில் கிடப்பவனுக்கு இல்லை. அரசரின் கண்ணீருக்கு ஒரு பெரிய கட்டம் உண்டு. ஒன்றரை இலட்சம் பேர் ஊரைவிட்டு நடந்ததற்கு ஒரு சிறு கட்டமும் இல்லை. எமது குறை இதுதான். இரத்தம் மிகுந்திருப்பதைவிட, இரத்தம் சிந்தியவர் இல்லாதிருப்பதே வகுப்பறைக்குத் தீங்கு. கொடுமையைக் கொடுங்கோலனின் மனமாற்றத்துக்கான படிக்கட்டாக மட்டும் கற்கும் பிள்ளை, மன்னன் திருந்திவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே எண்ணும்.

எனவே எங்கள் முடிவைக் கடிதமாக நண்பரிடம் தந்தோம். நூலைக் கொடுக்கலாம். அதனோடு பதின்மூன்றாம் கல்வெட்டின் தமிழாக்கத்தையும் ஒரு தாளில் தரவேண்டும். எது கல்லில் உள்ளது, எது பின்னாளில் எழுந்த கதை என்று மாணவரே பிரித்துப் பார்க்கட்டும். நூலில் விடுபட்ட பக்கத்தை, நாடு கடத்தப்பட்டோர் பக்கத்தை, அவர்களே வரையட்டும்.

நண்பர் அவ்வாறே செய்தார். தாளைப் படித்து முடித்த ஒரு சிறுமி எழுந்து, "கொண்டு போனவங்களத் திருப்பி அனுப்பிட்டாரா சார்?" என்று கேட்டாளாம். அனுப்பியதாக எந்தக் கல்லும் சொல்லவில்லை. 'கலிங்கப் போருக்குப் பின் அசோகர் மனம் மாறினார்' என்று நாமும் மாணவப் பருவத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம். அந்தக் கேள்வி நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.