கடைவாசலும் மனச்சாட்சியும்

பொதுமக்களுக்கெனக் கடை திறந்தவன், இன்னாருக்கு விற்பேன், இன்னாருக்கு விற்கேன் என்று கூறலாமா? அதற்குத் தன் சமயத்தைச் சான்று காட்டினால் நாம் அதனை ஏற்பதா? ஒருபால் மணங்களை முன்னிட்டு மேலைநாட்டு நீதிமன்றங்களில் எழுந்துள்ள இவ்வினா புதியதன்று. அதன் வரலாற்றை அறியாது விடை காண முயல்வது வேரை விட்டு இலையை ஆராய்வதாகும்.

1964இல் ஐக்கிய அமெரிக்காவில் குடிசார் உரிமைகள் சட்டம் நிறைவேறியது. உணவகம், தங்குவிடுதி முதலியவற்றில் நிறமோ சமயமோ காரணமாக எவரையும் விலக்கலாகாது என அது விதித்தது. தென் கரோலினாவில் இறைச்சி உணவகங்கள் நடத்திய ஒருவர் கறுப்பின மக்களுக்குச் சமமாகப் பரிமாற மறுத்தார். சட்டம் கடவுளின் சித்தத்துக்கு மாறானது என்றும், தம் சமய சுதந்திரத்தில் தலையிடுவது என்றும் வாதாடினார். 1968இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை அற்பமானதெனத் தள்ளிற்று.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளின் வாசலிலும் இவ்வினாவே நின்றது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்திருந்தும், தாழ்த்தப்பட்ட மக்கள் போராடியே அக்கடைகளுள் நுழைய வேண்டியதாயிற்று. ஆசாரம் என்ற சொல் அன்று யாருக்குக் கவசமாயிற்று என்பதை நாம் மறத்தல் கூடாது.

இனி ஒருபால் மணத்துக்கு வருவோம். 2012இல் கொலராடோ மாநிலத்துப் பேக்கரி ஒன்றிற்கு இரு ஆடவர் தம் மண விருந்துக்குக் கேக் கேட்டுச் சென்றனர். கேக்கின் வடிவம் பற்றிய பேச்சே எழுமுன், கிறித்தவரான உரிமையாளர் மறுத்தார். பிறந்தநாள் கேக்கு முதலியன தரலாம், ஒருபால் மணத்துக்கான கேக்கு மட்டும் செய்யேன் என்றார். மாநில ஆணைக்குழு அவருக்கெதிராகத் தீர்த்தது. 2018இல் உச்சநீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையால் அதனை மாற்றியது. ஆணைக்குழு அவருடைய சமயத்தைப் பகைமையோடு நோக்கிற்று என்பதே காரணம். வணிகர் சமயத்தைக் காட்டிப் பொதுச் சட்டத்தை மீறலாம் என அது கூறவில்லை.

பிரித்தானியாவில் இரு தீர்ப்புகள் நோக்கற்பாலன. கோர்ன்வால் விடுதியொன்றின் கிறித்தவத் தம்பதியர், பதிவு செய்து இணைந்து வாழ்ந்த இரு ஆடவருக்கு இரட்டைப் படுக்கை அறை தர மறுத்தது தவறென 2013இல் தீர்க்கப்பட்டது. பெல்பாஸ்ற் நகரப் பேக்கரியோ, ஒருபால் மணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்தது. எவர் கேட்டிருப்பினும் அவ்வாசகத்தை அது எழுதியிராது. மறுக்கப்பட்டது கருத்தேயன்றி மனிதனல்லன் என 2018இல் நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாகக் கூறினர்.

இவ்வேறுபாட்டை முற்போக்காளரும் மதிக்கவேண்டும். சாதிப் பெருமை பேசும் துண்டுப்பிரசுரத்தை அச்சிட மறுக்கும் அச்சகத்தாரை நாம் பாராட்டுவோமல்லவா? நமக்கு வேண்டும் உரிமையை நமக்கு ஒவ்வாத கருத்துடையோனுக்கு மறுப்பது நியாயமாகாது. சமயநம்பிக்கையை ஏளனம் செய்வதும் சமத்துவத்துக்கு வலுச் சேர்ப்பதன்று. கொலராடோ ஆணைக்குழு தோற்றது அதனாலேயே.

ஆயினும் கருத்து என்னும் வாயில் எவ்வளவு அகலமானது? 2023இல் அதே மாநிலத்து இணையத்தள வடிவமைப்பாளர் ஒருவர், ஒருபால் மணங்களுக்குத் தளம் அமைக்கத் தம்மைக் கட்டாயப்படுத்தலாகாது என வாதாடி, 6க்கு 3 என்ற பெரும்பான்மையால் வென்றார். சமய சுதந்திரத்தின் பெயராலன்றிப் பேச்சுரிமையின் பெயராலேயே அத்தீர்ப்பு அமைந்தது. பொதுமக்களுக்குத் திறந்த வணிகம் ஒரு பிரிவினரை விலக்க அரசியலமைப்பே இடந்தரும் நிலை தோன்றிவிட்டதென மாறுபட்ட நீதிபதிகள் எச்சரித்தனர். மணமக்களின் பெயரும் மணநாளும் அறிவிப்பதே ஒரு கருத்தாயின், அழைப்பிதழ் அச்சிடுவோனும் மணவறை சோடிப்போனும் நாளை என்ன சொல்வர்?

ஒருவன் எதை எழுதுவது, எதைப் போற்றுவது என்பது அவன் மனச்சாட்சிக்குரியது. யாருக்கு விற்பது என்பதோ ஊருக்கும் உரியது. முன்னதன் பெயரால் பின்னது பறிபோகுமாயின், வாசலில் திருப்பி அனுப்பப்படுவோர் யாவரென யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.