கப்பல் நாளும் கருப்ப நாளும்

திருகோணமலை இயற்கை வகுத்த துறைமுகம். வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமின்றிப் போர்க்கப்பல்கள் இக்குடாவை நாடின. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இதனைக் கைப்பற்றிய ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957 வரை இங்கு நிலைத்தது.

இத்தகைய துறைமுகப் பட்டினத்தில் கணவன் கடல்மேற் செல்வதும் மனைவி கரையிற் காத்திருப்பதும் இயல்பு. கப்பல் புறப்பட்ட நாள் ஏட்டில் எழுதப்படும். கருவுற்ற நாளோ எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. பிள்ளை பிறந்தபின் ஊரார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினால், தாயின் மானமும் பிள்ளையின் உரிமையும் அவ்வெண்ணிக்கையில் ஊசலாடும்.

பத்து மாதம் என்பது தமிழர் வழக்கு. 28 நாள் கொண்ட மாதம் பத்தானால் 280 நாள். ஜெர்மானிய மருத்துவர் நேகலே (1778–1851) பெயரால் வழங்கும் விதியும் இதுவே. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. ஆயினும் கரு உருவாவது ஏறக்குறைய இரு வாரங்களின் பின்னரே. அவ்விடைவெளியும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றன்று. குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்தே.

இந்த 280 இலங்கைச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 112ஆம் பிரிவில், விவாகம் நிலைத்திருக்கையிலோ, அது முடிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாளுக்குள்ளோ பிறந்த பிள்ளை அக்கணவனுடையதே என்றது. மருத்துவர் மாதவிடாயிலிருந்து எண்ணியதைச் சட்டம் மணமுறிவிலிருந்து எண்ணியது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவன் மனைவியை அணுக வாய்ப்பே இருக்கவில்லை என நிறுவினால், அவ்வனுமானம் தளரும். ஆனால் அக்காலம் எது? கப்பல் நாள் உறுதியாயினும் கருப்ப நாள் உறுதியன்று.

இக்கேள்வி இங்கிலாந்து நீதிமன்றங்களையும் வருத்தியது. 1921இல், போர்ப்பணிக்குக் கடல் கடந்த வீரன் ஒருவனின் மனைவி, அவன் பிரிந்து 331 நாள் கழித்துப் பெற்றாள். அது நிகழ முடியாததென்று கூற இயலாது எனக் கருதிய பிர்க்கன்ஹெட் பிரபு, மணவிலக்குக் கோரிக்கையைத் தள்ளினார். 1951இல் 360 நாள் பற்றிய வழக்கில் பிரபுக்கள் சபை மனைவிக்கு எதிராகத் தீர்த்தது. ஐயம் எங்கே முடிகிறதென்று இயற்கை கோடு கிழிக்கவில்லை. நீதிபதிகளே கிழிக்க நேர்ந்தது.

1958இல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் மீயொலியால் கருவைக் காணும் முறையை வெளியிட்டார். பின்னாளில் முதல் மூன்று மாதங்களிற் கருவின் நீளத்தை அளந்து நாள் குறிக்கும் வழி பிறந்தது. அதிலும் சில நாட் பிழை உண்டு.

ஆதலின் 280 என்பது வழிகாட்டும் எண். ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கும் சாட்சியன்று.