குச்சுப்பள்ளி சொல்லும் செய்தி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சூலியாக்கள் எனப்பட்ட நம் கடற்கரை முஸ்லிம் இளைஞர்கள் பலர் தனியராய்க் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றனர். அங்கே 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் உருவாயிற்று. மறு ஆண்டே தெலுக் ஆயர் தெருவில் ஒரு குடிசை தொழுமிடமாயிற்று. ‘குச்சுப்பள்ளி’ என்றே அதனை அழைத்தனர். இன்று அது அல்-அப்ரார் பள்ளிவாசல். உற்றார் உடனில்லாதோர்க்குப் பள்ளியே ஊராயிற்று. அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம்.

நம் காரமடைப் பக்கமும் வடமாநில இளைஞர்கள் பிழைப்புக்காகத் தனியே வருகின்றனர். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, பேச்சுத்துணையின்றித் திரும்புகின்றனர். ஸகாத் பெறும் எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது. சென்ற முன்னோர்க்கு துஆச் செய்வோம். வந்திருப்போரைப் பெயர் கேட்டு, வீட்டுக்கு அழைத்து உணவளிப்போம்.