பியானோவும் ஜெர்மானியத் தச்சரும்

பியானோ என்றதும் ஜெர்மானியர் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அக்கருவியைப் படைத்தவர் இத்தாலியராவார். பிளாரன்சு நகரில் மெடிச்சி குடும்பத்தாரிடம் பணியாற்றிய பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி, 1700ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தார். அதற்கு முன்னிருந்த ஆர்ப்சிகார்டில், கட்டையை அழுத்தினால் இறகு முனை தந்தியைத் தெறிக்கும். விரல் மெல்லப் படினும் வன்மையாகப் படினும் ஓசை ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்தோபோரி தந்தியைச் சிறு சுத்தியல் அடிக்குமாறு செய்தார். அடித்த சுத்தியல் தந்தியோடு ஒட்டி நின்று ஓசையை அடக்கிவிடாதபடி, அதனை உடனே விடுவிக்கும் நுட்பமான பொறியொன்றையும் வைத்தார்.

ஜெர்மனியில் கோட்பிரீட் சில்பர்மன் அவ்வழியைப் பின்பற்றினார். அவர் செய்த கருவியை வாசித்துப் பார்த்த ஜெ. செ. பாக், மேல் ஸ்தாயி மெலிந்துள்ளது, கட்டைகள் கனக்கின்றன என்றார். சில்பர்மன் மனம் நொந்தார். ஆனாலும் பல்லாண்டு உழைத்துக் குறையைத் திருத்தினார்.

இக்கலை இலண்டன் சேர்ந்தது பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஏழாண்டுப் போரின் (1756–1763) கொடுமைக்கு அஞ்சிப் பன்னிரு ஜெர்மானியக் கைவினைஞர் அங்குக் குடியேறினர் என்பதே அது. ‘பன்னிரு திருத்தூதர்’ என்று அவர்களுக்குப் பெயருமிட்டனர். கதை அழகியதே, வரலாறு அதனை முழுதும் ஒப்பவில்லை. அவர்களுள் முதன்மையாகச் சொல்லப்படும் யோகன்னஸ் சும்பே 1726இல் ஃபியூர்த் வட்டாரத்தில் பிறந்தவர். போர் மூளுமுன்னரே, 1750 அளவில், இலண்டன் அடைந்துவிட்டார். அங்கு அவருக்கு வேலை தந்த பர்க்காட் ஷூடியோ சுவிட்சர்லாந்துக்காரர். செல்வம் கொழித்த நகரில் கைத்தொழிலுக்குக் கூலி உண்டு என்பதே ஒருவர் கடல் கடக்கப் போதிய காரணமன்றோ!

1761இல் தனிக்கடை வைத்த சும்பே, 1766 முதல் சதுரப் பியானோக்களைச் செய்தார். பெயர்தான் சதுரம், உருவில் அது மேசைபோல் நீண்ட பெட்டி. கிறிஸ்தோபோரியின் விடுபொறியை அவர் அறவே நீக்கி, தோல் பொதிந்த தலையுடைய கம்பியொன்றே சுத்தியலை உந்துமாறு செய்தார். வன்மையாக வாசித்தால் சுத்தியல் துள்ளி இருமுறை படுதலும் உண்டு. கலை நோக்கில் இது பின்னடைவே. ஆயினும் வேலை சுருங்கியது, விலை இறங்கியது, இடமும் சிறிதே போதியது. அரண்மனைக் கருவி நடுத்தரக் குடும்பத்தார் கூடத்திற்கு வந்தது இவ்வாறுதான். 1768இல் பாக்கின் இளைய மகன் யோகான் கிறிஸ்டியன் இலண்டன் மேடையில் பியானோவைத் தனித்து வாசித்தபின் அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது. சும்பேயால் செய்து மாளவில்லை. எஞ்சிய வேலை போல்மன் என்னும் மற்றொரு ஜெர்மானியரிடம் சென்றது.

நீக்கப்பட்ட விடுபொறி அழிந்துவிடவில்லை. இலண்டனிலேயே வாழ்ந்த அமெரிக்கஸ் பேக்கர்ஸ் அதனைப் புதுமுறையில் அமைத்து, 1772இல் ஒரு பெரும் பியானோ செய்தார். அது இன்றும் உள்ளது. சும்பே 1790இல் மறைந்தார். அதற்கு ஏழாண்டு முன்னரே, ஷூடியின் மருமகனான ஸ்காட்லாந்துத் தச்சர் ஜான் பிராட்வுட், சதுரப் பியானோவைத் திருத்தி அமைத்துக் காப்புரிமையும் பெற்றிருந்தார்.