முரட்டுச் சிறுவர்களும் அடிக்காத வாத்தியாரும்

1918-இல் முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா நகரம் பசியில் கிடந்தது. போருக்குப் போன தகப்பன்மார் பலர் திரும்பவில்லை. திருடியும் சண்டை போட்டும் திரிந்த பிள்ளைகளைத் திருத்த அந்தக் காலத்துச் சீர்திருத்த இல்லங்கள் பெரும்பாலும் நம்பியது ராணுவக் கட்டுப்பாட்டையும் அடியையும்தான். அடியாத மாடு படியாது என்ற எண்ணம் எல்லா நாட்டுக்கும் பொது போலும்!

இதை ஏற்காதவர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன். பள்ளி ஆசிரியர். வியன்னாவுக்கு வடமேற்கே ஓபர்ஹொல்லாப்ருன் என்ற ஊரில், காலியான ஓர் அகதி முகாமில், அவர் பொறுப்பில் ஓர் இல்லம் தொடங்கியது. சிறுவர்களைக் குணத்துக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரித்தார்கள். கடைசியில் எந்தக் குழுவிலும் ஒட்டாத 12 முரடர்கள் மிஞ்சினார்கள். விசாரித்துப் பார்த்தால், எல்லோருமே வீட்டில் கடுமையாக அடிபட்டு, அன்பே காணாமல் வளர்ந்தவர்கள்.

இரண்டு பெண் ஊழியர்களோடு இந்தக் குழுவை ஐக்ஹார்னே ஏற்றுக்கொண்டார். எப்போதும் கனிவாக இருக்க வேண்டும், பெரிய ஆபத்து வராதவரை குறுக்கே போகக் கூடாது என்பதே ஏற்பாடு. நிலைமை உடனே சீராகிவிட்டதா? இல்லை, மோசமானது! தட்டுகள் பறந்தன, ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, சாப்பாடு தரையில் சிதறியது. ஒருநாள் ஒருவன் ரொட்டிக் கத்தியை இன்னொருவன் கழுத்தில் வைத்துக் கொன்றுவிடுவேன் என்று கத்தினான். ஐக்ஹார்ன் கண்டுகொள்ளாதவர் போல நின்றார். அவன் கத்தியை வீசிவிட்டு, காலை உதைத்து, ஓயும்வரை அழுதான்.

அந்தப் பிள்ளைகள் சீண்டியதே அடியை எதிர்பார்த்துத்தான். அடி விழுந்தால் பெரியவர்கள் எல்லோரும் எதிரிகள் என்ற அவர்கள் கணக்கு சரியாகிவிடும். அடி விழாதபோது அந்தக் கணக்கு உதைத்தது. கோபம் அழுகையானது, பிறகு மெல்ல மெல்ல ஊழியர்களிடம் ஒட்டிக்கொண்டார்கள், விட்டுப்போன பாடங்களையும் படித்தார்கள். இந்த அனுபவங்களை அவர் 1925-இல் நூலாக்கியபோது முன்னுரை எழுதியவர் சிக்மண்ட் பிராய்ட்.

ஆனால் அந்தக் கத்திச் சம்பவம் ஒரு சூதாட்டம்தான். பையனின் மனதை அவர் தப்பாகக் கணித்திருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். எல்லா வார்டனுக்கும் சொல்லிக்கொடுக்கக்கூடிய வழி அல்ல அது.

வியன்னாவில் ஐக்ஹார்னிடம் கற்ற பிரிட்ஸ் ரெடில் 1936-இல் அமெரிக்கா போனார். டெட்ராய்ட் நகரில் 1946-இல் டேவிட் வைன்மனோடு சேர்ந்து, முரட்டுத்தனம் மிகுந்த சின்னப் பையன்களுக்காகப் பயனியர் ஹவுஸ் என்ற இல்லத்தை நடத்தினார். அன்பு மட்டும் அங்கே போதவில்லை. ஏமாற்றத்தைத் தாங்கவோ காத்திருக்கவோ அந்தப் பையன்களுக்குத் தெரியவே தெரியாது. எனவே கோபம் வெடிக்கும் முன்பே பக்கத்தில் போய் நிற்பது, விளையாட்டை மாற்றுவது, மீறினால் வலிக்காமல் பிடித்துக்கொள்வது, அடங்கியதும் நடந்ததைப் பற்றி அங்கேயே பேசுவது என்று ஊழியர்கள் பழகினார்கள். இதெல்லாம் வேறு ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க முடிகிற வேலை.

ஆனால் 1948-இல் பணம் இல்லாமல் இல்லம் மூடப்பட்டது. (எங்கே போனாலும் இதே கதை!) சிகிச்சை முடியும் முன்பே பையன்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே எழுதிவைத்த குறிப்புகள் 1951-இலும் 1952-இலும் இரண்டு நூல்களாக வந்தன.