மருத்துவமனையில் பட்டைக்குறியீடு: நோயாளரும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

மருத்துவமனையில் சேர்க்கப்படுபவரின் மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டியிலும், அவரிடமிருந்து எடுக்கப்படும் குருதி, சிறுநீர் மாதிரிக் குழாய்களிலும் கறுப்புக் கோடுகளாலான குறியீடு ஒன்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். பார்கோடு எனப் பரவலாக வழங்கும் இதுவே பட்டைக்குறியீடு. ஒருவருக்குரிய சோதனை முடிவோ மருந்தோ குருதியோ மற்றொருவருக்குச் சென்றுவிடாமல் தடுப்பது இதன் நோக்கமாகும். எனினும், பதிவேட்டில் உள்ளதை மட்டுமே குறியீடு தெரிவிக்கும். பதிவு பிழையாக இருப்பின் குறியீடும் அப்பிழையையே சுமந்து செல்லும். ஆதலால் நோயாளரும் உடனிருப்போரும் சரிபார்க்க வேண்டியவை சில உள்ளன.

பதிவிலிருந்து குறியீடு உருவாவது எவ்வாறு?

பதிவு முகப்பில் நோயாளரின் பெயர், வயது, பாலினம், தந்தை அல்லது கணவர் பெயர், தொலைபேசி எண் ஆகியவை கணினியில் தனித்தனிக் கட்டங்களில் உள்ளிடப்படுகின்றன. அப்பதிவுக்கு வேறெவருக்கும் இல்லாத எண் ஒன்றைக் கணினி வழங்குகிறது. ஒட்டுச்சீட்டு அச்சிடப்படும்போது, அந்த எண் கோடுகளாகவும், பெயர், வயது போன்றவை கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகளாகவும் அச்சாகின்றன.

கோடுகளில் பெயரை விடுத்து எண்ணைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படும் 'கோட் 128' என்னும் குறியீட்டு முறை 1981-ஆம் ஆண்டு உருவானது. அது ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றுக்கானது. தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதோ ஒரே பெயர் பலவாறாக எழுதப்படுகிறது. தலைப்பெழுத்தும் சில இடங்களில் முன்னும் சில இடங்களில் பின்னும் வருகிறது. எண்ணில் இக்குழப்பங்கள் எழுவதில்லை.

சோதனைக்கு எடுக்கப்படும் மாதிரிக்கும் இவ்வாறே ஓர் எண் வழங்கப்படுகிறது. ஆய்வகக் கருவி குழாயின் கோடுகளைப் படித்து, அம்மாதிரிக்கு எந்தெந்தச் சோதனைகள் செய்யப்பட வேண்டும் எனக் கணினியிடமிருந்து அறிகிறது. முடிவும் அதே எண்ணில் சேர்கிறது. கையால் எழுதிப் படியெடுக்கும்போது நேரும் பிழைகள் இதனால் குறைகின்றன.

குறியீடு எதைக் கண்டறியும், எதைக் கண்டறியாது?

இம்முறையில் எண்ணின் இறுதியில் சரிபார்ப்புக் குறி ஒன்று சேர்க்கப்படுகிறது. முந்தைய குறிகளின் மதிப்புகளை அவற்றின் இடத்திற்கேற்பப் பெருக்கிக் கூட்டி, 103-ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியே அது. கோடுகள் சிதைந்திருந்தால் இக்கணக்கு பொருந்தாது. ஸ்கேனர் தவறான எண்ணைத் தருவதற்குப் பதிலாகப் படிக்க மறுத்துவிடும்.

ஆனால், குழாயில் இருப்பது யாருடைய குருதி என்பதைக் கோடுகள் அறியா. வேறொருவரின் ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தாலும் ஸ்கேனர் அதைத் தடையின்றிப் படித்து, முடிவை அந்த வேறொருவரின் பதிவிலேயே சேர்க்கும். இப்பிழையைத் தடுக்கும் இடம் நோயாளரின் படுக்கையருகே மட்டுமே.

பிழை நேரக்கூடிய இடங்கள்

• ஒரே பெயரும் ஒத்த வயதும் உடைய மற்றொருவரின் பழைய பதிவு தவறுதலாகத் திறக்கப்படுதல்.
• எண்ணின் தொடக்கத்தில் உள்ள சுழியங்களை விட்டுவிட்டு எழுதுதல் அல்லது சொல்லுதல். சில கணினிகளுக்கு 004512 என்பதும் 4512 என்பதும் வேறு வேறு எண்கள்.
• பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுதல். 03/04 என்பதை ஏப்ரல் 3 எனவும் மார்ச் 4 எனவும் கொள்ள இயலும்.
• பெயரிடப்படாத பச்சிளங்குழந்தைகள், குறிப்பாக இரட்டையர், தாயின் பெயரிலேயே குறிக்கப்படுதல்.
• குருதி எடுத்த பின், ஒட்டுச்சீட்டை வேறிடத்தில், பல குழாய்களுடன் சேர்த்து ஒட்டுதல்.

குருதி ஏற்றும்போது கூடுதல் கவனம் ஏன்?

குருதி வகை அறிய எடுத்த மாதிரி மாறிவிட்டால், பொருந்தாத குருதி ஏற்றப்படக்கூடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுடன் உயிரிழப்பும் நேரலாம். இதன் பொருட்டே பல மருத்துவமனைகளில் வேறொரு நேரத்தில் இரண்டாவது மாதிரி எடுத்து வகை உறுதிசெய்யப்படுகிறது. மீண்டும் குருதி எடுப்பதைக் கவனக்குறைவு எனக் கருத வேண்டாம். அது பாதுகாப்பு நடைமுறை. குருதி ஏற்றும்போது மேற்கண்ட அறிகுறி எதுவும் தோன்றினால் உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பதிவுச்சீட்டைப் பெற்றவுடன் பெயர், தலைப்பெழுத்து, வயது, பாலினம் ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் முகப்பிலேயே திருத்தக் கேளுங்கள்.
• முன்னரே வந்திருந்தால் பழைய எண்ணைக் காட்டுங்கள். ஒருவருக்கு இரு எண்கள் இருந்தால், ஒவ்வாமை போன்ற முன்குறிப்புகள் மருத்துவரின் பார்வைக்கு வராமற்போகலாம்.
• பெயரைக் கேட்டால், 'ஆம்' என்று மட்டும் சொல்லாமல் முழுப்பெயரையும் வயதையும் நீங்களே சொல்லுங்கள். நோயாளர் பேச இயலாதவராயின் உடனிருப்பவர் சொல்லலாம். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பதும், அறை எண் அவற்றுள் ஒன்றாகக் கொள்ளப்படலாகாது என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்பு வழிமுறைகளுள் அடங்கும்.
• உங்கள் முன்னிலையிலேயே குழாயில் ஒட்டுச்சீட்டு ஒட்டப்படுகிறதா எனக் கவனியுங்கள். அதிலுள்ள பெயரைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.
• கைப்பட்டியைக் கழற்ற வேண்டாம். இறுக்கமாக இருந்தாலோ, எழுத்து மங்கினாலோ செவிலியரிடம் புதியது கேளுங்கள். வெப்பத்தால் அச்சாகும் சில தாள்கள் வெயிலிலும் கைத்தூய்மித் திரவத்திலும் மங்கிவிடும்.
• மங்கிய எண்ணின்மீது பேனாவால் எழுத வேண்டாம்.

தனியுரிமை

கோடுகளில் பெரும்பாலும் எண் மட்டுமே இருக்கும். நோயின் பெயரோ சோதனை முடிவோ இருப்பதில்லை. ஆயினும் அருகில் பெயரும் வயதும் அச்சாகியிருக்கும். சதுர வடிவிலான கியூஆர் குறியீட்டில் கூடுதல் விவரங்களும் இடம்பெறலாம். எனவே இவற்றின் படங்களைச் சமூக ஊடகங்களில் பகிர வேண்டாம்.

ஆபா எண்ணும் மருத்துவமனை எண்ணும் ஒன்றா?

இல்லை. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ் வழங்கப்படும் ஆபா எண் 14 இலக்கங்கள் கொண்டது. மருத்துவமனை எண் அந்தந்த மருத்துவமனைக்கு உரியது. இவ்வசதியுள்ள மருத்துவமனைகளில் முகப்பிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் படித்து, உங்கள் விவரங்களை நேரடியாக அளிக்கலாம். தட்டச்சுப் பிழைகள் இதனால் குறையும். ஆயினும் ஆபா கணக்கில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் சரியானவையா என முன்னரே பார்த்துக்கொள்வது நலம்.

குறிப்பு: இத்தகவல் பொதுமக்களின் விழிப்புணர்வுக்கானது. சோதனை முடிவு உங்களுடையதுதானா என ஐயம் எழுந்தால், அதன் அடிப்படையில் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ செய்யாமல், உங்கள் மருத்துவரிடம் தெரிவித்து மறுசோதனை குறித்துக் கேளுங்கள்.