இரண்டு ஆட்டம், ஒரு புள்ளி

ஸ்பெயினில் சோரியா என்று ஒரு ஊர். மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். ரோமானியர்களை வருஷக்கணக்கில் தண்ணி காட்டிவிட்டு, கடைசியில் கி.மு. 133ல் பட்டினி போட்டு அழிக்கப்பட்ட நுமான்சியா என்ற பழைய நகரம் இதன் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பெயரையே வைத்துக்கொண்ட உள்ளூர் கால்பந்து அணி 2008ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏறி வந்தது. அவர்களுடைய முதல் ஆட்டம் ஆகஸ்ட் 31ம் தேதி. எதிரணி பார்சிலோனா. மெஸ்ஸி, ஷாவி, எட்டோ, ஹென்றி எல்லாரும் இருக்கிற பார்சிலோனா.

நுமான்சியா 1-0 என்று ஜெயித்தது.

பார்சிலோனாவின் புது கோச்சுக்கு அதுதான் முதல் லீக் ஆட்டம். வயது 37. பெயர் பெப் கார்டியோலா. இன்றைக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நம் மனதில் வருவது வேறு ஆள். அன்றைக்கு இருந்த கார்டியோலாவின் பயோடேட்டாவில் கோச் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரிதான். பார்சிலோனா பி அணி, ஒரு வருஷம், நான்காம் டிவிஷன். அவ்வளவே. (எனக்கு அப்போது நாலு வயசு. நான் இதையெல்லாம் பின்னாளில் முழு ஆட்டங்களாகத் தேடிப் பார்த்தவன். ரிசல்ட் தெரிந்துகொண்டு பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவே.)

அன்றைய ரசிகர்களைக் கொஞ்சம் நியாயமாகப் பார்ப்போம். "அறிவில்லாதவர்கள், பொறுமையில்லாதவர்கள், கார்டியோலாவையே சந்தேகப்பட்டார்கள்" என்று இப்போது சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும். அவர்கள் கையில் இருந்த கணக்கைப் பாருங்கள். 2006ல் ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த அணி, அடுத்த இரண்டு சீசனில் சரிந்து போயிருந்தது. 2007-08 முடிவில் ரியல் மாட்ரிட்டை விட 18 புள்ளிகள் பின்னால், மூன்றாம் இடம். அந்த மே மாதம் மாட்ரிட் மைதானத்தில் சாம்பியன்களுக்கு வரிசையில் நின்று கை தட்டிவிட்டு, 4-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டும் வந்தார்கள். பழைய கோச் ஃப்ராங்க் ரைகார்ட் போனார். ரொனால்டினோவும் டெகோவும் போனார்கள்.

அந்த இடத்துக்கு வர ஹோசே மோரின்யோ தயாராக இருந்தார். கிளப் ஆட்கள் லிஸ்பன் வரைக்கும் போய் அவரிடம் பேசிவிட்டு வந்தார்கள். போர்ட்டோவோடு ஐரோப்பியக் கோப்பை, செல்சியோடு இரண்டு லீக் என்று கையில் சான்றிதழ் வைத்திருந்த மனிதர். அவரை விட்டுவிட்டு நான்காம் டிவிஷன் கோச்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு விஷயம். பார்சிலோனா ஒரு கம்பெனி கிடையாது. பங்குதாரர்கள் இல்லை. அன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள்; அவர்கள்தான் சொந்தக்காரர்கள், அவர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள். நம்ம ஊர் கூட்டுறவு சங்கம் மாதிரி, ஆனால் ஸ்டேடியம் பெரியது :-) 2008 ஜூலையில் தலைவர் லபோர்டா மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 60 சதவீதம் பேர் அவர் போகவேண்டும் என்றார்கள். விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் மட்டுமே தப்பித்தார். ஆக, பெரும்பான்மை நம்பாத ஒரு தலைவர், அனுபவமே இல்லாத ஒரு கோச்சை வைத்திருக்கிறார். அந்த கோச் முதல் ஆட்டத்தில் புதிதாக ஏறி வந்த அணியிடம் தோற்கிறார். நான் அன்றைக்கு அங்கே உறுப்பினராக இருந்திருந்தால் வெள்ளைக் கைக்குட்டையைத் தேடி வைத்திருப்பேன். (ஸ்பெயினில் கோபம் வந்தால் ஸ்டேடியமே வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டும். காளைச் சண்டையிலிருந்து வந்த பழக்கம்.)

அந்தத் தோல்விக்குப் பிறகு சர்வதேச ஆட்டங்களுக்காக லீக்கில் இரண்டு வாரம் இடைவெளி. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு வாரம் ரசிகனுக்குப் பார்க்க ஆட்டம் இல்லை, புள்ளிப் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. அதில் தன் அணிக்கு நேராக ஒரு பூஜ்யம்.

செப்டம்பர் 13. சொந்த மைதானத்தில் ரேசிங் சாண்டாண்டர். கார்டியோலா என்ன செய்தார்? தோற்றுவிட்டு வந்த கோச் பொதுவாகப் பேர் பெற்ற ஆட்களைப் போட்டுப் பாதுகாப்பாக நிற்பார். இவர் தன்னோடு நான்காம் டிவிஷனில் ஆடிய இரண்டு பையன்களை முதல் பதினொன்றில் இறக்கினார். ஒருவர் செர்ஜியோ புஸ்கெட்ஸ், லீக்கில் அன்றைக்குத்தான் முதல் ஆட்டம். இன்னொருவர் பெட்ரோ. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இது என்னவாகத் தெரியும்? வேண்டியவர்களுக்கு வேலை போட்டுக்கொடுப்பதாகத்தான் தெரியும். மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல் போட்டார். ரேசிங் திருப்பிப் போட்டது. 1-1.

இரண்டு ஆட்டம், ஒரு புள்ளி, ஒரு கோல். அந்த ஒரு கோலும் பெனால்டி.

பார்சிலோனாவில் இரண்டு தினசரி விளையாட்டுப் பத்திரிகைகள் உண்டு. ரேடியோ, டிவி, முன்னாள் தலைவர்கள், எதிர்காலத் தலைவர்கள் என்று கிளப்பைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் பேசிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் நேர் எதிராக எழுதினார். யோஹான் க்ரைஃப். எல் பெரியோடிகோ என்ற பத்திரிகையில் அவருடைய பத்தி வரும். இந்த அணி ரொம்ப நன்றாக ஆடுகிறது, பயப்படாதீர்கள் என்கிற தொனியில் எழுதினார். பந்து எங்கே இருந்தது, எத்தனை வாய்ப்பு உருவானது, வீரர்கள் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதைப் பாருங்கள். கோல் விழாதது வேறு விஷயம் என்பது அவருடைய கட்சி.

எல்லாரும் இந்த இடத்தில் க்ரைஃபின் தீர்க்கதரிசனத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காமர்ஸ் படிக்கிற எனக்கு ஒரு உறுத்தல். கணக்குப் பதிவியலில் சார்புடைய தரப்பு என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனிக்கு வேண்டப்பட்டவர் அதோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தால் அதைத் தனியாகக் காட்டவேண்டும். கார்டியோலாவை 1990ல் சீனியர் அணியில் முதன்முதலாக இறக்கியவரே க்ரைஃப்தான். லபோர்டாவுக்கு நெருக்கமானவரும் அவரே. அன்றைய வாசகன், "இவர் வேறு எப்படி எழுதுவார்" என்று அந்தப் பத்தியை மடித்து வைத்திருந்தால் அதில் தப்பே இல்லை. க்ரைஃப் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக நம்பவேண்டிய அவசியம் அன்றைக்கு யாருக்கும் இருக்கவில்லை.

உள்ளே இருந்தும் ஒரு குரல் வந்ததாம். பேச்சே இல்லாத ஆள் என்று பெயரெடுத்த இனியெஸ்டா கோச்சின் அறைக்குப் போய், கவலைப்படாதீர்கள், சரியான வழியில்தான் போகிறோம், எல்லாவற்றையும் ஜெயிப்போம் என்று சொல்லிவிட்டு வந்தார் என்று கார்டியோலாவே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். க்ரைஃபின் பத்தியை விட இதுதான் எனக்குக் கனமான சாட்சி. தினமும் பயிற்சியில் நின்றவன் சொன்னது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. செப்டம்பர் 21ம் தேதி ஸ்போர்ட்டிங் கிஹோன் ஊரில் போய் பார்சிலோனா 6-1 என்று ஜெயித்தது. இங்கிருந்துதான் எல்லாம் மாறியது என்று எல்லா வரலாற்றிலும் எழுதியிருப்பார்கள். சரி, மூன்றே நாள் கழித்து அதே கிஹோனை ரியல் மாட்ரிட் 7-1 என்று அடித்தது! அதாவது கிஹோன் அப்போது யார் வந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்கிற நிலையில் இருந்தது. அந்த ஆறு கோல் கார்டியோலாவைப் பற்றிச் சொன்னது மிகக் குறைவு. அடுத்த ஆட்டம் பெட்டிஸ். 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-2 ஆகி, ஆட்டம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது குட்யோன்சன் போட்ட கோலால் பிழைத்தார்கள். அதற்கடுத்து பக்கத்து வீட்டு எஸ்பான்யோல். பின்தங்கியிருந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியால் 2-1. அந்தப் பெனால்டி கிடைக்காமல் போயிருந்தால்? குட்யோன்சன் கால் கொஞ்சம் விலகியிருந்தால்? ஐந்து லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் கிஹோனிடம். ஆட்டத்தின் தரம் அதேதான். அணியும் அதேதான். ஆனால் மோரின்யோவின் பெயர் மறுபடியும் எல்லார் வாயிலும் வந்திருக்கும். நுமான்சியாவில் துரதிர்ஷ்டத்தைத் திட்டியவர்கள் யாரும் எஸ்பான்யோல் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு நன்றி சொன்ன மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 4ல் அட்லெட்டிகோ மாட்ரிட் வந்தது. முதல் எட்டு நிமிஷத்தில் மூன்று கோல், கடைசியில் 6-1. இதுதான் என் கணக்கில் முதல் உண்மையான ஆதாரம். மீதி உங்களுக்குத் தெரிந்ததே. மே 2ம் தேதி மாட்ரிட் மைதானத்தில் 6-2, மே 27ல் ரோமில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 2-0, 2009ல் மொத்தம் ஆறு கோப்பை. "வேண்டியவர்" புஸ்கெட்ஸ் அந்த ரோம் இறுதியாட்டத்தில் முதல் பதினொன்றில் இருந்தார்.

இங்கேயே நிறுத்தினால், "புது கோச்சுக்குப் பொறுமையாக நேரம் கொடுங்கள்" என்று ஒரு நல்ல போதனையோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதே ஸ்பெயினில், ஏழு வருஷம் கழித்து, வேறு ஒரு கதை நடந்தது.

2015 டிசம்பர் 2. வாலென்சியா கிளப்பின் முதலாளி, சிங்கப்பூர்க்காரர் பீட்டர் லிம், கேரி நெவிலைக் கோச்சாக அறிவித்தார். மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய டிஃபெண்டர். இங்கிலாந்து அணியில் உதவிக் கோச். டிவியில் ஆட்டத்தைப் பிரித்து மேய்வதில் அவரைப் போல ஆள் இல்லை. தலைமைக் கோச்சாக அனுபவம்? பூஜ்யம். ஸ்பானிஷ் மொழி? மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். லிம்மும் நெவிலும் இங்கிலாந்தில் ஒரு சிறு கிளப்பில் ஏற்கெனவே கூட்டாளிகள். (சார்புடைய தரப்பு, மறுபடியும்!)

முதல் ஆட்டத்தில் லியோனிடம் 0-2, ஐரோப்பியக் கோப்பையிலிருந்து வெளியே. லீக்கில் எய்பாரோடு 1-1, கெடாஃபேவோடு 2-2, வில்யாரியலிடம் 0-1. 2016 ஜனவரி 3ல் ரியல் மாட்ரிட்டோடு 2-2. பாருங்கள், இந்த இடத்தில் நிறுத்தினால் நெவிலின் கதை கார்டியோலாவின் தொடக்கத்தை விட மோசமாகத் தெரியாது. நாலு லீக் ஆட்டத்தில் மூன்று டிரா, அதில் ஒன்று மாட்ரிட்டோடு. "இன்னும் கொஞ்சம் டைம் கொடுங்கப்பா" என்று சொல்ல இடம் இருந்தது. ஆனால் முதல் ஒன்பது லீக் ஆட்டத்தில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. நடுவே பிப்ரவரி 3ல் கோப்பை அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 7-0. மார்ச் 30ல் வேலை போயிற்று. மொத்தம் 28 ஆட்டம், 10 வெற்றி; லீக்கில் 16ல் மூன்று மட்டும். வரும்போது ஒன்பதாம் இடத்தில் இருந்த அணி, போகும்போது பதினான்காம் இடத்தில் இருந்தது. கேரியைப் போகச் சொல்லி மெஸ்தாயா மைதானத்தில் கத்தியவர்கள் பொறுமையில்லாதவர்களா? இல்லை, சரியாகத்தான் கணித்திருந்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்த 2-2 ஆட்டத்துக்கு மறுநாளே ரியல் மாட்ரிட் தன் கோச் பெனிடெஸை நீக்கிவிட்டு இன்னொரு புதுமுகத்தைக் கொண்டு வந்தது. பி அணியில் மட்டும் தலைமைக் கோச்சாக இருந்தவர். ஜிடான். அவர் முதல் ஆட்டத்தையே 5-0 என்று ஜெயித்தார், பிறகு 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பை. ஒரே ஆட்டம், ஒரே டிரா. அதனால் பல வருஷ அனுபவமுள்ள பெனிடெஸுக்கு வேலை போனது, அனுபவமே இல்லாத நெவிலுக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்தது.

அப்படியானால் இரண்டாவது ஆட்டத்திலேயே ஒரு ரசிகன் எதை வைத்துத்தான் முடிவு செய்வது? ஆடிட்டில் 38 வவுச்சரில் இரண்டை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனி மோசம் என்று எழுதினால் வாத்தியார் பேப்பரைத் தூக்கி முகத்தில் எறிவார். லீக்கும் 38 ஆட்டம்தான். ஆனால் ரசிகனால் மே மாதம் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம், அது அவனுடைய கிளப்.

என் பார்வையில், கோல் கணக்கைத் தவிர்த்து விட்டு ஒன்றைப் பார்க்கலாம். தோற்ற பிறகு அந்தக் கோச் என்ன செய்கிறார்? சோரியாவில் தோற்ற கார்டியோலா அடுத்த ஆட்டத்தில் தன் யோசனையை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே செய்தார். அதே 4-3-3, பந்தை இழந்தால் அந்த இடத்திலேயே திருப்பிப் பிடுங்குவது, கோல்கீப்பர் வால்டெஸ் கூட உதைத்து விரட்டாமல் பாஸ் கொடுப்பது, அதோடு இரண்டு சின்னப் பையன்கள் வேறு. பிடிக்கிறதோ இல்லையோ, இவர் என்ன ஆட்டம் ஆட நினைக்கிறார் என்பது இரண்டாவது ஆட்டத்திலேயே தெரிந்தது. நெவிலின் வாலென்சியாவைப் பத்தாவது ஆட்டத்தில் பார்த்தாலும் எனக்கு அது புரியவில்லை. ஆட்களும் அமைப்பும் மாறிக்கொண்டே இருந்தன. இதுவும் முழு விடை இல்லை என்பது தெரியும். தன் யோசனையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டே மூழ்கிப்போன கோச்சுகள் நிறைய. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

கடைசியாக, நுமான்சியா என்ன ஆனது என்று கேட்பீர்களே. 2009 ஜனவரி 24ல் அவர்கள் பார்சிலோனாவின் மைதானத்துக்கு வந்து 4-1 என்று தோற்றுவிட்டுப் போனார்கள். அந்த சீசன் முடிவில் பத்தொன்பதாம் இடம், மறுபடியும் இரண்டாம் டிவிஷன். ஆனால் சீசனின் முதல் ஆட்டம் முடிந்த ராத்திரி, புள்ளிப் பட்டியலில் அவர்கள் பார்சிலோனாவுக்கு மேலே இருந்தார்கள்.